மாதிரியிலிருந்து விலகியவை

ஜூன் 2, திங்கள்

ஆபீஸ் குறிப்புகளில் 'நான்' என்ற சொல் வரக்கூடாது. 'சர்வர் நிறுத்தப்பட்டது, சர்வர் மறுபடி எழுப்பப்பட்டது' என்றுதான் எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். இருபது வருடமாக அப்படி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே இந்தத் தணிக்கை முடியும்வரை வீட்டுக்கு வந்ததும் இங்கே எழுதப் போகிறேன். தமிழில், வரிக்கு வரி நான் நான் என்று.

எங்கள் டேட்டா சென்டர் சரவணம்பட்டியைத் தாண்டி இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்தின் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் எல்லாம் எங்கள் சர்வர்களை நம்பித்தான் ஓடுகின்றன. இந்தச் சர்வர்கள் அத்தனையும் ஒரே விதமாக அமைந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று 'மாதிரி' ஒன்றை வைத்திருக்கிறோம். ஆனால் நாளாக ஆக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அதிலிருந்து மாறிப்போகும். ஒருவர் அவசரத்துக்கு ஒன்றை மாற்றுவார், திருப்பி வைக்க மறந்துவிடுவார். காலையில் ஒரே யூனிபாரத்தில் போன பிள்ளைகள் சாயங்காலம் ஆளுக்கொரு கோலத்தில் வந்து நிற்பார்களே, அப்படி. ஆபீஸில் இதை டிரிஃப்ட் என்போம். இங்கே விலகல் என்று எழுதுகிறேன்.

இந்த மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் பெங்களூரிலிருந்து தணிக்கைக்கு ஆள் அனுப்புகிறார்கள். விலகல்களைச் சரிசெய்து, சரிசெய்ய முடியாததற்குக் காரணம் சொல்லிவிட்டால் வேலை கோயமுத்தூரிலேயே இருக்கும். இல்லாவிட்டால் மொத்தமும் எங்கள் ஹைதராபாத் கிளைக்குப் போய்விடும். கூடவே நானும் போக வேண்டும். மேனேஜர் அறிவழகன் இதைச் சொல்லிவிட்டு, உங்களுக்குச் சிரமம் இருக்காதே, தனி ஆள்தானே என்றார். இருக்காது என்றேன். ஹைதராபாத் நல்ல ஊர்தான். அங்கேயும் சர்வர்கள் உண்டு, வாடகைக்கு வீடு உண்டு.

விலகல் ரிப்போர்ட்டை இன்று ஓடவிட்டேன். நூற்றுச் சொச்சம் வந்தது. அரிசி டப்பாவில்கூட 'அரிசி' என்று எழுதி ஒட்டி வைக்கிறவள் நான். அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் அரித்தது.

சர்வர் ஹாலில் ஏழாம் வரிசையில் நின்றால் உறைந்துபோகும் அளவுக்குக் குளிர். மின்சாரமும் குளிரும் பார்க்கிற நாச்சிமுத்து அண்ணனிடம் சொன்னேன். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அவரைவிட மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ஜூன் 3, செவ்வாய்

ஏழாம் வரிசையில் இப்போது நிற்க முடிகிறது. கேட்டது ஒரு தடவைதான்.

ஜூன் 5, வியாழன்

இன்று முழுக்கத் திருத்தம். பாதி விலகல்கள் சோம்பேறித்தனம், கால்வாசி மறதி. ஒரு சர்வரில் யாரோ தன் மகளின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். மாற்றினேன். இன்னொன்றில் கடிகாரம் நாலு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் திருத்தினேன். ஒவ்வொன்றாக ரிப்போர்ட்டிலிருந்து மறையும்போது கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே, அதைச் சொன்னால் என் அக்கா சிரிப்பாள்.

கேன்டீனில் மேசை கிடைக்கவில்லை. நாச்சிமுத்து அண்ணன் இருந்த மேசையில் உட்கார்ந்தேன். அவர் வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்திருந்தார், அவரே சமைத்தது. மனைவி காலமாகி ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரே மகள் தாரணி, சேலத்தில் படிக்கிறாள். ஒரு கரண்டி வைத்தார். தாளிப்பில் பூண்டைக் கொஞ்சம் கருக விட்டிருந்தார். சொன்னேன். மூஞ்சி சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். அந்த விஷயத்தில் ஆண்களில் அபூர்வம்.

ஜூன் 9, திங்கள்

ஒரு விலகல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒவ்வொரு சர்வரையும் வாரத்துக்கு ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். ஜோடி ஜோடியாக இருப்பதால் ஒன்று எழுகிறவரை மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். கிழமை எதுவானாலும் காலை பதினொரு மணிக்குச் செய்ய வேண்டும் என்கிறது மாதிரி. ஆனால் செவ்வாய்க்கிழமை சர்வர்கள் மூன்றேகாலுக்கு எழுகின்றன. புதன்கிழமையில் எழுபவை பன்னிரண்டரைக்கு, வியாழனில் இரண்டு மணிக்கு. வெள்ளிக்கிழமைக் கூட்டம் மட்டும் பதினொன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சனிக்கிழமைக்காரர்கள் ஒன்பதரைக்கே எழுந்துவிடுகிறார்கள். போன வியாழனே எல்லாவற்றையும் பதினொன்றுக்கு மாற்றியிருந்தேன். இன்று பார்த்தால் பாதி பழையபடி திரும்பியிருக்கிறது. யாரோ கையால் மாற்றுகிறார்கள். யார் என்று தெரியாதபடி பொதுக் கணக்கில் நுழைந்து மாற்றியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் மதியம் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டேன். அண்ணன், சர்வர் மேல இருக்கற கோவத்தை ஏனுங்க சோத்து மேல காட்டறீங்க என்றார்.

நாளை 'தானாகத் திருத்து' என்பதைப் போட்டுவிடுவேன். யார் மாற்றினாலும் அடுத்த கால்மணியில் அது தானே பழைய நேரத்துக்கு இழுத்துவிடும்.

ஜூன் 11, புதன்

இன்று நான் ஒரு காரியம் செய்தேன்.

தானியங்கித் திருத்தம் சொன்னபடி வேலை செய்தது. புதன்கிழமை சர்வர்கள் அத்தனையும் பதினொரு மணிக்குச் சமத்தாக நின்று எழத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் சோதனை. தினம் ஒரு ஜெனரேட்டரைப் போட்டுப் பார்ப்பது மின்சாரப் பிரிவின் வழக்கம். லைன் மாறும்போது மின்சாரம் ஒரு நொடி தடுமாறும். ஓடிக்கொண்டிருக்கிற சர்வர்களுக்கு அது உறைக்காது. பாதி எழுந்த நிலையில் இருப்பவை தாங்கவில்லை. ஒரு ஜோடியில் எழுந்துகொண்டிருந்தது விழுந்தது, அதன் துணை பாரம் தாங்காமல் திணறியது. அரை மணி நேரம் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ரிப்போர்ட் எதுவும் போகவில்லை. டாக்டர்கள் போன் போட்டு வாங்கிக்கொண்டார்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் தணிக்கைக்கு முன்னால் இப்படி ஒன்று நடந்ததே. இன்னொரு முறை இது மாதிரி நடந்தால் ஹைதராபாத்துக்கு டிக்கெட் போட்டுவிடலாம் என்றார் அறிவழகன். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் இரண்டு டீயோடு வந்தார். ஒரு படி கீழே உட்கார்ந்து குடித்தார். டீயில் இஞ்சி இருந்தது.

ஜூன் 12, வியாழன்

தானியங்கித் திருத்தத்தை நிறுத்தினேன். துணி ஊறப் போட்டு மறந்துவிட்டேன். வாஷிங் மெஷின் செத்துப்போய் ஒரு மாதம் ஆகிறது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

வாஷிங் மெஷின் இறக்க இன்று மதியம் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னதால் அரை நாள் லீவ். திருப்பூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். மூன்று மணி என்றதும் பதறிவிட்டாள்.

"ஏன்டி, செவ்வாக்கெழமை மூணு மணிக்கு ராகு காலமாச்சே. நாலரைக்கு மேல எறக்கச் சொல்லு."

துணி துவைக்க ராகு என்ன தடுக்கிறான் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. என் செவ்வாய்க்கிழமை சர்வர்கள் எழுவது மூன்றேகால். திரும்ப அக்காவைக் கூப்பிட்டு ஏழு கிழமைக்கும் கேட்டேன். புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று, வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு. மளமளவென்று ஒப்பித்தாள். ஒன்று தவறாமல் பொருந்தியது. எங்கள் சர்வர்கள் அத்தனையும் பார்த்துப் பார்த்து ராகு காலத்துக்குள்தான் எழுகின்றன.

ராகு காலத்தைத் தவிர்த்திருந்தால்கூடப் புரிந்துகொள்வேன். இதற்குள்ளேயே போய் விழுவது யார் வேலை? எனக்கு ஒரே ஒரு ஆள்தான் தோன்றியது.

மெஷின் மூன்றரைக்கு வந்தது. நன்றாக ஓடுகிறது.

ஜூன் 18, புதன்

அறிவழகன் ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். ராகு காலத்தில் கார் எடுத்தவர், ராகு காலத்தில் வீடு குடிபோனவர். ஐயர் வைக்காமல் தமிழில் உறுதிமொழி சொல்லிக் கட்டிய தாலி என்று வருடா வருடம் கேக் வெட்டும்போது எங்களுக்குச் சொல்லுவார். ஆகவே அவர்தான் இப்படிச் செய்கிறாரோ என்று நைசாகக் கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ராகு காலம் இல்லைங்கறவன் நான். பாத்துப் பாத்து அதுலயே செஞ்சா அதுவும் நம்பிக்கைதானுங்க."

அப்புறம் உங்கள் கல்யாணம் என்று கேட்க வாய் வரை வந்தது. அவரே புரிந்துகொண்டு, அது பகுத்தறிவுக்காரரான அப்பா வைத்த நேரம் என்றார்.

காலை ஷிப்டில் இருக்கிற ரபியா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக இருக்கிற பெண், சுறுசுறுப்பு. மேனேஜர் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"நாந்தானுங்க்கா மாத்தறேன். அந்த நேரத்துல ஜெனரேட்டர் போடவே மாட்டாங்க. அதனால அந்த நேரத்துல எழுப்புனா ஒண்ணும் விழாது. எனக்கு முன்னாடி இருந்தவரு சொல்லிக் குடுத்தாருங்க. அது ராகு காலம்னு எனக்கு இப்பத்தான் தெரியும்."

நேரம் மாற்ற வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார்கள், அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஏன் போடுவதில்லை என்பது அவளுக்கே தெரியாது. அதனால் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவள் வைத்த நேரத்தை நான் அப்படியே விட்டிருந்தால் போன புதன்கிழமை ஒரு சர்வரும் விழுந்திருக்காது. இனி என்னிடம் சொல்லிவிட்டு மாற்று என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 19, வியாழன்

ஆக, மூலகாரணம் நாச்சிமுத்து அண்ணன். ஜெனரேட்டர் கொட்டகைக்கே போய்க் கேட்டேன். அங்கே டீசல் வாடைக்கு நடுவில் ஒரு செம்பருத்திச் செடி வளர்க்கிறார்.

ஆமாம், ராகு காலத்தில் போடுவதில்லை என்றார். ஏதோ நான் மழை பெய்கிறதா என்று கேட்டதைப் போல அவ்வளவு சாதாரணமாக. அவருக்கு அதில் பாதி நம்பிக்கைதானாம். ஆனால் அவரிடம் வேலை செய்கிற மூன்று பேருக்கும் முழு நம்பிக்கை. "அந்த நேரத்துல போடச் சொன்னா அவனுங்களுக்குக் கை ஓடாதுங்க. கை ஓடாதவனை டீசல் பக்கத்துல நிறுத்தக் கூடாது" என்றார். சர்வர்காரர்கள் இதை வைத்து நேரம் குறித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் நிஜமாவா என்று இரண்டு தடவை கேட்டார். அவர்களுக்கு எங்கள் நேரம் தெரியாது, எங்களுக்கு அவர்கள் வழக்கம் தெரியாது. நடுவில் ஒரே சுவர்தான்.

போன புதன்கிழமைச் சோதனை போட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் என்ன செய்வீர்கள், நான்தானே நேரத்தை மாற்றினேன் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி என் தப்பு என் தப்பு என்று சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

திரும்பும்போது ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தார். செம்பருத்தியைத் தலையில் வைத்துக்கொள்கிற வயசா எனக்கு. மானிட்டர் மேல் வைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

மற்ற விலகல்கள் எல்லாம் தீர்ந்தன. ரிப்போர்ட்டில் இந்த ஒன்றுதான் நிற்கிறது. நேரங்களைப் பழையபடியே விட்டுவிட்டேன். சர்வர்களும் விழாமல் எழுகின்றன.

மதியம் வரகரிசிச் சோறும் கொள்ளுப் பருப்பும் கொண்டுபோனேன், கொஞ்சம் கூடுதலாக. நாச்சிமுத்துவுக்குக் கொள்ளு பிடிக்கும் என்று தாரணி சொன்னாளாம், அதாவது அவர் சொன்னார். ரபியா எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கை கழுவப் போனபோது, "நீங்க இப்பல்லாம் அவரை அண்ணான்னு கூப்பிடறதில்லைங்க்கா" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். தேவை இருந்தால் கூப்பிடுவேன். 'ஏனுங்க' என்றாலே திரும்பிப் பார்க்கிறார், பிறகு எதற்கு அண்ணன்?

ஜூன் 24, செவ்வாய்

காரணம் எழுதுவதுதான் இப்போது பெரும்பாடு. மாதிரியிலிருந்து விலகிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். 'ராகு காலத்தில் ஜெனரேட்டர் போடமாட்டார்கள்' என்று எழுதிக் கொண்டுபோனேன். அறிவழகன் பேனாவை மூடி வைத்துவிட்டார். வேலை ஹைதராபாத்துக்கே போனாலும் சரி, அந்த வார்த்தைக்குக் கீழே என் பேர் வராது என்றார். ரிட்டயர் ஆனபிறகு ஊருக்குப் போய் அவர் அப்பாவின் முகத்தில் விழிக்க வேண்டுமாம்.

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. நாச்சிமுத்துவிடம் சொன்னேன். உங்களுக்காக ஒரு நாள் ராகு காலத்தில் நானே கை வைத்துப் போட்டுக் காட்டட்டுமா என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேண்டாம் என்றேன். அவருக்கு ஏதாவது ஆனால்?

நான் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் வேண்டாம்.

கடைசியில் 'ஜெனரேட்டர் சோதனை நடக்காத நேரம்' என்று எழுதினேன். அறிவழகன் நாலு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 27, வெள்ளி

தணிக்கை முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தணிக்கைக்கு வந்தவர் வினுதா என்கிற கன்னடத்துப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். ஒல்லி, கண்ணாடி. ஓசூரில் கொஞ்ச காலம் இருந்ததால் நல்லாவே தமிழ் பேசினார். இரண்டு நாள் ஒரு சர்வர் விடாமல் பார்த்தார். குறை கண்டுபிடிக்க முடியாமல் அவருக்கே போரடித்திருக்கும். இன்று காலை கடைசியாக அந்த ஒரு விலகலுக்கு வந்தார். ஏழு கிழமை, ஏழு நேரம். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். நான் அறிவழகனைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார்.

"இது ராகு காலம் தானே?" என்றார் வினுதா.

எங்க ஊரிலும் அம்மா தினம் சொல்லுவாங்க, திங்கள் ஏழரை, செவ்வாய் மூணு என்று அவரே அடுக்கினார். பிறகு, அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஏன் போடுவதில்லை என்று கேட்டார். கேள்வி மேனேஜருக்கு. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அறிவழகன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எங்க ஆளுங்களுக்கு அந்த நேரத்துல கை ஓடாதுங்க. கை ஓடாதவங்களை டீசல் பக்கத்துல நிறுத்தக் கூடாது" என்றார். அப்படியே நாச்சிமுத்துவின் வார்த்தை. கையெழுத்து வாங்கப் போன அன்றைக்கு நான் அவரிடம் சொன்னதுதான்.

வினுதா வெகுநேரம் எழுதினார். மாதிரியிலிருந்து விலகியது குற்றமில்லை, ஏன் விலகியது என்று இங்கே யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் குற்றம், இப்போது தெரிந்துவிட்டது என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். நாளைக்கு நம்பிக்கை இல்லாத ஆள் ஒருவர் ஜெனரேட்டர் பிரிவுக்கு வந்து, அந்த நேரத்தில் போட்டுவிட்டால்? ஆகவே அந்த நேரங்களில் சோதனை கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும், மேனேஜர் கையெழுத்தோடு, இன்றைக்கே.

ஆக, ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்ட அறிவழகன், வாரத்தின் ஏழு ராகு காலத்தையும் வரிசையாக எழுதி, இந்த நேரத்தில் யாரும் ஜெனரேட்டரைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ரபியா பாத்ரூமுக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அவரே என்னிடம் வந்து, என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். அதற்குள் ரபியா சொல்லியிருப்பாள்.

ஜூலை 1, செவ்வாய்

பாஸ். வேலை இங்கேயே. அறிவழகன் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். எனக்கு மனசு லேசாகிவிட்டது, கீழே ஓடிப்போய்க் கொட்டகையில் சொன்னேன். நாச்சிமுத்து சிரித்த சிரிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. பல்வரிசை நன்றாக இருக்கிறது.

மாடிக்கு வந்தால் ஹைதராபாத்திலிருந்து போன். இங்கே செய்ததை அங்கே செய்ய ஆள் வேண்டும், நீங்களே தலைமை ஏற்று வாருங்கள், பதவியும் சம்பளமும் உயரும் என்றார்கள். கட்டாயம் இல்லையாம், என் இஷ்டமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கட்டாயப்படுத்தி அனுப்பியிருந்தால் ஒரு மாதம் திட்டிக்கொண்டே போயிருப்பேன். என் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். இதுதான் தொல்லை.

ஜூலை 2, புதன்

சாப்பிடும்போது நாச்சிமுத்துவிடம் சொன்னேன். டப்பாவைப் பாதியில் மூடினார். பிறகு, "நல்ல வாய்ப்புங்க. போயிட்டு வாங்க" என்றார்.

போயிட்டு வாங்களாம். கடைக்கா போகிறேன்?

ஜூலை 3, வியாழன்

மதியம் அவர் கேன்டீனுக்கு வரவில்லை. வேலை இருந்ததாம். வீட்டுக்கு வந்து எல்லா டப்பாக்களையும் இறக்கித் துடைத்தேன். அரிசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஹைதராபாத்துக்குப் போக எனக்கு ஒரு தடையும் இல்லை என்று ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், இந்த நோட்டிலும் எழுதியிருக்கிறேன். பொய். என்னால் அவரை விட்டுப் போக முடியாது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் அறிவழகனிடம் போகவில்லை என்று சொன்னேன். மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டுமே, என்ன எழுதட்டும் என்றார். குடும்பம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பாவம், எங்களோடு பத்து வருடமாக இருப்பவர், எனக்கு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியும்.

"குடும்பம்னு உங்களுக்கு யாரும் இல்லைங்களே?"

"இனிமே இருக்கும்ங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், சம்பந்தப்பட்டவரிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காது சூடாகிவிட்டது. வேலையே ஓடவில்லை. மதியம் பார்த்தால் இன்றைக்கும் அவர் கேன்டீனுக்கு வரவில்லை. என் டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேற்கேயிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் ஹைதராபாத் போகவில்லை என்றேன்.

"ஏனுங்க?"

"நீங்க இங்க இருக்கீங்க. அதானுங்க."

அவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாத மாதிரி மறுபடி உட்கார்ந்தார். கையைப் பழைய துணியில் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"தாரணி, அவங்க போகலையாமா" என்றார். அவ்வளவுதான். யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைச் செடிப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கத்தான்.

அவள் குரலை நான் முதல் தடவையாகக் கேட்கிறேன். வணக்கம் சொல்லவில்லை, பேர் சொல்லவில்லை. ரொம்ப நாள் பழகியவள் மாதிரி நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"புதன்கிழமையிலிருந்து அப்பா சரியாவே சாப்பிடலீங்க. கேட்டா பசிக்கலைங்கறாரு, நம்பாதீங்க. இப்ப நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட வைக்கறீங்களா?"

சரி கண்ணு என்றேன். டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.